ஜெட் வாங்கி வாடகைக்கு விடலாமா?

கேள்வி: தேயிலைத் தோட்டம் விற்ற பணம் கையில் இருக்கிறது. சின்ன ஜெட் வாங்கி, கோவையிலிருந்து வாடகைக்கு விட்டால் லாபம் வருமா? – வாசகர், கோத்தகிரி

பதில்: பறந்தாலும் பறக்காவிட்டாலும் பைலட் சம்பளம், இன்சூரன்ஸ், பராமரிப்பு நிற்காது. நான் சார்ட்டர் (வாடகை விமான) கம்பெனியில் கணக்குப் பார்த்தபோது எங்களைத் தின்றது காலிப் பயணம்தான். வாடகைக்கு எடுத்த முதலாளியை மும்பையில் இறக்கிவிட்டு விமானம் வெறுமனே திரும்பும். எரிபொருள் குடிப்பதில் மட்டும் குறைவிருக்காது. அதனால் போக, வர இரண்டுக்கும் சேர்த்தே பில் போடுவோம். திரும்பும் வழிக்கு ஆள் கிடைத்தால் பாதி விலைக்கும் ஏற்றுவோம், வந்தவரை லாபம். டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதிக்கு நீங்களே அலைவதைவிட, அனுமதி வைத்திருப்பவருக்குக் குத்தகைக்கு விடுங்கள். ஊட்டிக்கு ஹெலிகாப்டர் என்ற ஆசை வேறு வரும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, ஆட்களைக் குறைத்துத்தான் ஏற்ற முடியும். மூடுபனி இறங்கினால் அன்றைய புக்கிங் ரத்து. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு போன் வரும்.