ஆழ்வெளிப் படங்களும் பேரடைகளின் வளர்ச்சியும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்கள் விண்மீன் பேரடைகளின் (கேலக்சிகளின்) வளர்ச்சியைக் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். ஒரு பேரடை உருமாறக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நாமோ ஒவ்வொன்றையும் அதன் வாழ்வின் ஒரே ஒரு தருணத்தில்தான் பார்க்கிறோம். மாற்றத்தையே காணாதபோது வளர்ச்சி என்று எதைச் சொல்கிறார்கள்? இது ஊகம்தானா?

கே.

அன்புள்ள கே.,

எந்தப் பேரடையும் நம் கண்முன் வளர்வதில்லை என்பது உண்மை. வானின் ஒரு சிறு பகுதியை நெடுநேரம் நோக்கி எடுக்கும் ஆழ்வெளிப் படத்தை ஒரு குழந்தையின் வளர்ச்சியைக் காட்டும் புகைப்பட வரிசையாகக் கருதினால் தங்கள் ஐயத்திற்கு விடையே கிடையாது. ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று சொல்லும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாகவே அதை வாசிக்க வேண்டும்.

1995 டிசம்பர் 18 முதல் 28 வரை ஹபிள் தொலைநோக்கி, சப்தரிஷி மண்டலத்தின் அருகே, முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கே உள்ள, வெறுமையாகத் தோன்றிய ஒரு வானப்பகுதியைத் தொடர்ந்து நோக்கியது. விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் வில்லியம்ஸ், தம் விருப்பப்படி ஒதுக்கக்கூடிய நேரத்தை இதற்குக் கொடுத்தார். அது வீணாகும் என்று கருதிய வானியலாளர்களும் இருந்தார்கள். 342 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தபோது ஏறத்தாழ 3,000 பேரடைகள் தெரிந்தன. தரவுகள் உடனடியாக அனைவருக்கும் வழங்கப்பட்டன. அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவற்றைக் காலவரிசையில் அடுக்குவது எப்படி? 91.2 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள ஒளியை ஹைட்ரஜன் விழுங்கிவிடுகிறது. வெளி விரிவதால் வரும் வழியில் ஒளியின் அலைநீளம் கூடுகிறது; தொலைவு கூடக்கூட இந்த எல்லையும் சிவப்பை நோக்கி நகர்கிறது. ஒளி நம்மை அடையக் காலம் பிடிப்பதால், தொலைவில் உள்ளதை அதன் பழைய நிலையில்தான் பார்க்கிறோம். ஆகவே நீல வடிகட்டியில் மறைந்து சிவப்பு வடிகட்டியில் மட்டும் தெரியும் பேரடை, பெரும்பாலும் மிகத் தொலைவில், அதாவது மிகப் பழைய காலத்தில் இருப்பது. இவ்வாறு ஒவ்வொரு காலத்தின் பேரடைகளையும் பிரித்து அவற்றின் ஒளியைக் கணக்கிட்டே, ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்மீன்கள் பிறக்கும் வேகம் இன்றுள்ளதைவிடப் பல மடங்கு உச்சத்தில் இருந்தது என்று அறிந்தார்கள். அது ஊகமன்று, அளவீடு.

ஆனால் நிறத்தை மட்டும் நம்புவதில் ஆபத்தும் உண்டு. 2022இல் வெப் படங்களில் கண்ட ஒரு பேரடை, பெருவெடிப்புக்குப் பின் 24 கோடி ஆண்டுகளுக்குள் இருந்ததாக நிறத்தை வைத்துக் கணிக்கப்பட்டது. அதன் நிறமாலையை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து, எடுத்துப் பார்த்தபோது அது பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 120 கோடி ஆண்டுகள் கழிந்த காலத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. தூசியும் ஒளிரும் வாயுவும் தொலைவைப் போலவே நிறத்தை மாற்றிக் காட்டியிருந்தன. நிறமாலை கிடைக்கும்வரை இத்தகைய மிகத் தொலைவுப் பேரடைகளை 'வேட்பாளர்' (இன்னும் உறுதியாகாதது) என்று மட்டுமே வானியலாளர்கள் அழைப்பது இதனால்தான்.

வடிவத்தைப் பற்றிய முடிவுகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. தொன்மையான பேரடைகள் பெரும்பாலும் ஒழுங்கற்ற கட்டிகளாக இருந்தன என்பது ஹபிள் தந்த சித்திரம். ஹபிளின் பார்வை ஏறத்தாழ 1.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தோடு முடிந்துவிடும் என்பதால், மிகத் தொலைவிலுள்ள பேரடைகள் உமிழ்ந்த புற ஊதா ஒளியே அதற்குக் கிடைத்தது. அந்த ஒளி அண்மையில் பிறந்த விண்மீன்களின் திட்டுகளை மட்டும் எடுத்துக்காட்டும். வெப்பின் முதன்மைக் கேமரா 5 மைக்ரோமீட்டர்வரை காண்பதால், அதே பேரடைகளில் மூத்த விண்மீன்களின் சீரான பரவலும் புலப்பட்டது. முன்பு உருக்குலைந்தவையாகத் தோன்றிய பலவும் தட்டையான வட்டுகளாகத் தெரிந்தன. பேரடைகள் எப்போது வட்டுகளாக அமைந்தன என்னும் காலக்கணக்கு இதனால் இன்னும் பழைய காலத்துக்கு நகர்ந்தது. விண்மீன் பிறப்பின் உச்சம் பற்றிய முடிவோ அப்படியே நிற்கிறது.

தாங்கள் சொல்லும் ஊகம் இருக்குமிடம் வேறு. அன்றைய ஒரு குறிப்பிட்ட சிறு பேரடை இன்று சுருள் வடிவமாகியிருக்குமா, வேறொன்றோடு இணைந்து நீள்வட்டமாகியிருக்குமா என்பதை எந்தப் படமும் சொல்லாது. அங்கே கணினி மாதிரிகளின் துணை தேவைப்படுகிறது. அம்மாதிரிகள் தரும் எண்ணிக்கைகளை ஒவ்வொரு காலத்தின் கணக்கெடுப்போடும் ஒப்பிட்டே ஏற்கவோ தள்ளவோ செய்கிறார்கள்.