45 செ.மீ. உயரத்துக்கு 2 மீட்டர் சாய்தளம் போதாது

மூன்று படி, மொத்தம் 45 செ.மீ. உயரம், பில்டர் 2 மீட்டரில் சாய்தளம் போட்டுவிட்டார், அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு பேர் வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. என் அப்பாவை இப்படி ஒரு சாய்தளத்தில் ஏற்றும்போது முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. நாற்காலியை முழங்காலால் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன்.

கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோவதற்கான மத்திய அரசின் 2021 வழிகாட்டுதலில் சரிவு 1:12. அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். உங்களுக்கு 5.4 மீட்டர் வேண்டும். நேராக இடம் இல்லையா? பாதியில் திருப்புங்கள், திருப்பத்தில் ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டு. இருபுறமும் கைப்பிடி கட்டாயம். வழவழப்பான டைல்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், மழையில் சறுக்கும்.

பில்டர் மறுத்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 44-ஐக் காட்டுங்கள்: இப்படித் தடையின்றி வந்துபோவதற்கான அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக்கூடாது. பில்டர் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால், சாய்தளத்தை மாற்றித் தரும்படி அவரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். அப்புறம், வாசலுக்கு முன்னால் உள்ள இடத்தை அளந்து இங்கே போடுங்கள், எப்படித் திருப்பலாம் என்று வரைந்து தருகிறேன்.