ஆறா, பன்னிரண்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேதியியலில் மூன்றாம் ஆண்டு முனைவர் பட்ட மாணவன் நான். 15,000 டால்டன் நிறையுள்ள ஒரு புரதத்தை 100 மில்லிமோலார் அம்மோனியம் அசிடேட்டில் 40 மைக்ரோமோலார் செறிவில் வைத்து நானோ எலெக்ட்ரோஸ்ப்ரே (மின்னழுத்தத்தால் நுண்துளிகளாகத் தெளித்து அயனியாக்குவது) செய்கிறேன். அயனிகளை வாயுவுக்குள் ஓடவிட்டு, வந்து சேரும் நேரத்தால் பிரிக்கும் டிராவலிங் வேவ் அயன் மொபிலிட்டி கருவியில் 7+, 8+ அயனிகளுக்கு ஒரே பீக் வருகிறது. 6+ அயனிக்கு (எம்/இசட், அதாவது நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம், 2501) இரண்டு வருகின்றன. புரதம் இரண்டு உருவங்களில் இருக்கிறது என்கிறார் வழிகாட்டி. படிக அமைப்பிலிருந்து கணக்கிட்ட மோதல் குறுக்குவெட்டுப் பரப்போடு (வாயுவோடு மோதும்போது அயனி காட்டும் அளவு) இரண்டாவது பீக் பொருந்துகிறது. முதல் பீக்குக்குக் கிடைக்கும் மோதல் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கிறது. எந்த மென்பொருளில் கணக்கிட்டால் இதுவும் பொருந்தும்? மதிப்பை ஹீலியத்துக்குச் சொல்வதா, நைட்ரஜனுக்கா? 2728 அருகே ஒரு சிறு பீக்கும் இருக்கிறது. அதை அழுக்கு என்று விட்டுவிட்டோம்.

ச.

அன்புள்ள ச.,

ஒரே எம்/இசட், இரண்டு பீக் என்றால் இரண்டு உருவம் என்று முடிவுகட்டும் பழக்கம் சில நாட்களாகவே மனதை உறுத்திக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. 1995இல் கிளெம்மர், ஹட்ஜின்ஸ், ஜாரோல்ட் மூவரும் சைட்டோகுரோம் சி அயனிகளின் பல உருவங்களை டிரிஃப்ட் டியூபில் (மொபிலிட்டி அளக்கும் வாயுக் குழாய்) பிரித்துக் காட்டினார்கள். அருமையான வேலை. அதற்காக எல்லா இரட்டைப் பீக்கும் அந்தக் கதைதான் என்று ஆகிவிடாது.

மென்பொருள் கேள்வியை ஒதுக்கிவைக்கிறேன். ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் கணக்கிடும் முறையால் வருவதில்லை. பொருந்துகிற மென்பொருளைத் தேடுவது ஆராய்ச்சியே இல்லை, அந்த எண்ணத்தை இன்றோடு விடுங்கள். வாயுக் கேள்விக்கு ஒரு வரி போதும்: கருவிக்குள் நைட்ரஜன் ஓடினாலும், கேலிப்ரேஷனுக்கு (அளவுத்திருத்தத்துக்கு) எடுத்த புரதங்களின் ஹீலிய மதிப்புகளைப் போட்டிருந்தால் கிடைப்பது ஹீலிய மதிப்பு. அதை அப்படியே எழுதுங்கள்.

விஷயத்துக்கு வருவோம். எம்/இசட் என்பது வெறும் விகிதம். ஆறு மின்னூட்டம் ஏந்திய ஒற்றை மூலக்கூறும், பன்னிரண்டு மின்னூட்டம் ஏந்திய டைமரும் (இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிய ஜோடி) ஒரே 2501இல்தான் விழும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டையும் ஒன்றாகக் காட்டும், மொபிலிட்டி பிரித்துவிடும். டைமரின் பரப்பு ஒற்றையைப்போல் சுமார் 1.6 மடங்குதான், மின்னூட்டமோ இரண்டு மடங்கு. ஆகவே அது முந்திக்கொண்டு வந்து சேரும். பரப்பைக் கணக்கிடும் சூத்திரத்தில் மின்னூட்டம் நேரடிப் பெருக்கலாக நிற்கிறது. 12 போட வேண்டிய இடத்தில் 6 போட்டால் விடை பாதியாகும். 1.6இல் பாதி 0.8. உங்கள் ஐந்தில் ஒரு பங்கு எங்கே போனது என்று இப்போது தெரிகிறதா?

அந்த 2728ஐ அழுக்கு என்று ஒதுக்கினீர்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது. 30,000 டால்டன் டைமர் 11 புரோட்டான்களோடு எங்கே வரும் என்று ஒருமுறை வகுத்துப் பார்த்தீர்களா? 2728.3. ஒற்றைப்படை மின்னூட்டமுள்ள டைமர் எந்த மோனோமர் (ஒற்றை மூலக்கூறு) பீக்கின் மேலும் விழுவதில்லை. தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் அயனி அது. 13+ இருந்தால் 2308.7இல் வரும், அங்கேயும் பாருங்கள். பெயர் தெரியாத பீக்கை அழுக்கு என்று சொல்லும் உரிமை, அதன் நிறையைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகுதான் கிடைக்கும்.

இனி செய்ய வேண்டியவை. புதிதாக எதையும் அளக்காமலே ஒன்றைப் பார்க்கலாம். இரண்டு மொபிலிட்டி பீக்குகளுக்கும் தனித்தனியாக ஸ்பெக்ட்ரத்தைப் பிரித்தெடுங்கள். சோடியம் ஒட்டிய துணைப் பீக்குகளின் இடைவெளி 6+ என்றால் 3.66, 12+ என்றால் 1.83. ஐசோடோப்பு பிரிந்து தெரியாத கருவியிலும் இது தெரியும்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. குவாட்ருபோலில் (எம்/இசட் வடிகட்டியில்) 2501ஐ மட்டும் தேர்ந்தெடுங்கள். மொபிலிட்டிக்கு முன்னால் இருக்கும் டிராப் செல்லின் மோதல் ஆற்றலைத் தொடாமல், மொபிலிட்டிக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் செல்லில் மட்டும் 10 வோல்ட் 10 வோல்ட்டாக ஏற்றுங்கள். மொபிலிட்டிக்குப் பிறகு உடைவதால் துண்டுகள் தாய் அயனியின் டிரிஃப்ட் நேரத்திலேயே நிற்கும். முதல் பீக்கின் நேரத்தில் 1876இல் 8+ மோனோமரோ 2144இல் 7+ மோனோமரோ முளைத்தால் வழக்கு முடிந்தது. மோதலால் 6+ அயனி 7+ ஆகவே முடியாது. டைமர்தான் மின்னூட்டத்தை எட்டும் நான்குமாகப் பங்கிட்டுக்கொண்டு பிரியும்.

டைமர் ஏன் வந்தது? 40 மைக்ரோமோலார் மிக அதிகம். ஸ்ப்ரேயில் 200 நானோமீட்டர் விட்டமுள்ள துளி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் சுமார் நூறு புரத மூலக்கூறுகள் இருக்கும். துளி வற்றும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டுவது சகஜம். 1 மைக்ரோமோலாரில் அதே துளிக்குள் இரண்டு மூன்றுதான். நீர்த்துப் பாருங்கள். ஆனால் நீர்த்ததும் மறைந்தால் அது துளியில் ஒட்டியதுதான் என்று துள்ளிவிடாதீர்கள். கரைசலிலேயே இருக்கும் உண்மையான டைமரும் நீர்க்க நீர்க்கக் குறையும். தொடர்பே இல்லாத வேறொரு புரதத்தைச் சம செறிவில் கலந்து, அதுவும் உங்கள் புரதத்தோடு ஜோடி சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் துளியின் வேலை. சேராமல் உங்கள் புரதம் மட்டும் டைமராக நின்றால், கையிலிருப்பது வேறொரு நல்ல கட்டுரை.

இரண்டாவது பீக்கையும் சும்மா விடாதீர்கள். சாம்ப்ளிங் கோன் (அயனிகள் கருவிக்குள் நுழையும் வாய்), டிராப் பயஸ் (மொபிலிட்டி செல்லுக்குள் தள்ளும் மின்னழுத்தம்) இரண்டின் வோல்ட்டையும் சிக்னல் குறையத் தொடங்கும்வரை இறக்கி, பீக் நகர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மொபிலிட்டி செல்லுக்குள் வேகமாகத் தள்ளினால் புரதம் அங்கேயே சூடாகி விரியும்.

வழிகாட்டியிடம் சொல்லத் தயக்கமாக இருக்கும், புரிகிறது. மூன்றாம் ஆண்டில் எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. வாதாடப் போகாதீர்கள். 1876இல் முளைத்த பீக்கை அச்செடுத்து அவர் மேசையில் வையுங்கள். பிறகு முதல் பீக்குக்கு மின்னூட்டம் 12, நிறை 30,000 போட்டுப் பரப்பை மறுபடி கணக்கிடுங்கள். அந்த அளவு டைமருக்கு உங்கள் கேலிப்ரேஷன் புரதங்களின் எல்லை எட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.