விரால் ஒன்று, பெயர் மூன்றா?

"பண்ணைக்குட்டையில் விரால் விடப்போகிறேன். குஞ்சு வாங்கிய ரசீதில் 'சான்னா ஸ்ட்ரையேட்டா' என்று போட்டிருக்கிறது. பயிற்சியில் கொடுத்த கையேட்டில் 'சான்னா ஸ்ட்ரையேட்டஸ்'. அண்ணனின் பழைய கல்லூரிப் புத்தகத்தில் 'ஓபியோசெபாலஸ் ஸ்ட்ரையேட்டஸ்'. மூன்றும் ஒரே மீனா, இல்லை வேறு எதையாவது தலையில் கட்டிவிட்டார்களா?"
— திருத்துறைப்பூண்டி பக்கத்து விவசாயி ஒருவர்.

பயப்படாதீர்கள், மூன்றும் நம் விரால்தான்.

விலங்குகளின் அறிவியல் பெயர் இரண்டு சொல். முதல் சொல் பங்காளிகள் எல்லோருக்கும் பொது, குரவை மீனுக்கும் சான்னாதான். இரண்டாவது சொல்லும் சேர்ந்தால்தான் இன்ன மீன் என்று தீரும். 'ஸ்ட்ரையேட்டா' என்றால் வரி போட்டது, அவ்வளவே. அதே சொல் ஒரு புறாவுக்கும் இருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

பெர்லினில் மருத்துவராக இருந்த ப்ளாக் 1793இல் விராலுக்குப் பெயர் வைத்தபோது, பாம்புத்தலை என்ற பொருளில் முதல் சொல்லைப் போட்டார், உங்கள் அண்ணன் புத்தகத்தில் இருப்பது அதுதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஸ்கோபோலி 1777லேயே 'சான்னா' என்று வைத்திருந்தார். 1758 முதல் முறையாக வெளியான பெயர்களில் எது முந்தியதோ அதுவே நிற்கும் என்பது விதி. பாம்புத்தலை விழுந்தது. லத்தீனில் சொல்லுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. சான்னா பெண்பால், ஆகவே 'ஸ்ட்ரையேட்டஸ்' வாலை மாற்றிக்கொண்டு 'ஸ்ட்ரையேட்டா' ஆனது. உங்கள் கையேட்டில் வாலை மாற்ற மறந்திருக்கிறார்கள். சில புத்தகங்களில் '(ப்ளாக், 1793)' என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். பெயர் வைத்தவர் போட்ட முதல் சொல் பிறகு மாறிவிட்டது என்பதற்கு அந்த அடைப்புக்குறியே சாட்சி.

இதில் நம் தரங்கம்பாடிக்கும் பங்குண்டு. அங்கிருந்த ஜான் என்ற பாதிரியார் ப்ளாக்குக்கு மீன்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். கத்தாளை மீன்களில் ஒரு வகைக்கு 'ஜானியஸ்' என்று பெயர் வந்தது அவரால்தான். அதே ஊரில் 1791இல் டேனிஷ் கம்பெனி லெப்டினன்ட் டால்டோர்ஃப், பனைமரப் பட்டை இடுக்கில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதினார். பறவை கவ்விப் போட்டிருக்கும் என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. அந்த மீனுக்கு டால்டோர்ஃப் வைத்த பெயருக்கு 'ஏறுவது' என்று பொருள். வெளியானது 1797இல். ப்ளாக்கோ 1792லேயே அதே மீனுக்கு 'ஆமை போன்றது' என்ற பெயரை அச்சிட்டுவிட்டார். இன்றைக்கும் நம் பனையேறிக்கெண்டை 'அனபாஸ் டெஸ்டுடினியஸ்'தான். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் விதி விதிதானே. முதல் சொல்லான 'அனபாஸி'ல் ஏறுவது என்ற பொருள் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

பெயரில் கெண்டை இருந்தாலும் அது கெண்டைக்கு உறவில்லை, விராலுக்குத்தான் உறவு. இரண்டுக்கும் செவுளுக்கு மேலே காற்றை இழுக்கும் தனி உறுப்பு உண்டு, அறிவியல் வகைப்பாட்டில் வரிசையும் ஒன்றே. காற்றை இழுக்கும் இந்த உறவைத் தெரிந்துகொண்டால் உங்களுக்குக் காசு மிச்சம். மழை இரவில் விரால் ஈரத்தில் ஊர்ந்து கரையைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போய்விடும். குட்டையைச் சுற்றி வலை கட்டாமல் குஞ்சு விடாதீர்கள்.

கவனம் வேண்டிய இடம் வேறு. யாராவது 'கெளுத்தி' குஞ்சு தருவதாகச் சொன்னால் ரசீதில் இரண்டாவது சொல்லைப் பாருங்கள். 'கிளாரியஸ் மாகுர்' நம் நாட்டு மீன். 'கிளாரியஸ் கரியபைனஸ்' ஆப்பிரிக்கக் கெளுத்தி, நம் நாட்டில் வளர்க்கத் தடை. முதல் சொல் இரண்டுக்கும் ஒன்றேதான். வெறும் 'கிளாரியஸ்' என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.