வீட்டில் சாமான் குறைந்தால் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சுமா?

கேள்வி இதுதான்: இரண்டு படுக்கையறை ஃபிளாட், நாலு பேர், கணவன் மனைவி இருவருக்கும் வேலை. ஞாயிறு முழுக்க வீட்டை ஒதுங்க வைப்பதிலேயே போகிறது. புது அலமாரியும் பிளாஸ்டிக் பெட்டிகளும் வாங்கிப் பார்த்தும் தீரவில்லை. சாமானைக் குறைத்தால் நிம்மதி வருமா, எங்கிருந்து தொடங்குவது?

வரும். காரணம் மட்டும் பலர் நினைப்பது போல வீடு பார்க்க அழகாக இருப்பது இல்லை. சமையலறையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் வீட்டில் முப்பது டம்ளர் இருந்தால், முப்பதும் அழுக்காகும் வரை யாரும் கழுவ மாட்டார்கள். எட்டு டம்ளர்தான் என்றால் அடுத்த காபிக்கு டம்ளர் வேண்டுமே என்று அப்போதைக்கப்போதே கழுவியாகிவிடும். பத்து நிமிட வேலை. துணிக்கும் இதே கணக்கு. உபரி இருப்பதால்தான் வேலை தள்ளிப்போகிறது, தள்ளிப்போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கிறது. அலமாரி வாங்கினால் உபரிக்கு இன்னும் வசதியான இடம் கிடைக்கும், அவ்வளவுதான். முதல் மூன்று மாதம் ஒரு டப்பாகூடப் புதிதாக வாங்காதீர்கள்.

தொடங்கும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டுவது. இரவு படுக்க இடம் வேண்டுமே என்று பாதி திரும்ப உள்ளே போகும். மீதி, ‘யாருக்காவது கொடுக்கணும்’ என்று கட்டைப்பையில் கட்டி வாசல் ஓரத்தில் ஆறு மாதம் கிடக்கும். அதனால் முதல் வேலை, சாமான் வெளியே போகிற வழியை ஏற்பாடு செய்வது.

காயலான் கடைக்காரரிடம் நாளும் நேரமும் முன்பே சொல்லி வையுங்கள். பேப்பர், இரும்பு, அலுமினியம், கெட்டி பிளாஸ்டிக் எல்லாம் அவர் எடுத்துக்கொள்வார். தராசு மேல் சந்தேகமா? இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அவர் தராசிலேயே முதலில் மாட்டச் சொல்லுங்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். உடுத்தும் நிலையில் உள்ள துணிக்கு அருகிலுள்ள ஒரு இல்லத்துக்குப் போன் செய்து, எந்த வயதினருக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். கிழிந்த துணியைத் தானம் என்று அனுப்பினால் குப்பையில் போடும் வேலையை அவர்கள் தலையில் கட்டுகிறோம். கிழிந்த பருத்தியை வெட்டினால் நல்ல துடைக்கும் துணி. அதுவும் பத்துப் பன்னிரண்டு துண்டு போதும்.

பழைய போன், சார்ஜர், ரிமோட் எல்லாம் அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மையத்துக்குப் போக வேண்டும். போனில் கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளதை முழுக்க அழித்த பிறகு கொடுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. மாநகராட்சித் தொட்டியிலும் போடக் கூடாது; குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். போகிக்குக் கொளுத்திவிடலாம் என்று எதையும் எடுத்து வைக்காதீர்கள். பழைய பாயைக் கொளுத்திய காலம் வேறு, இன்று நம் வீட்டில் பழசு என்றாலே பிளாஸ்டிக்கும் ரெக்சினும் நைலானும்தான்.

ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம், ஒரே ஒரு தட்டு அல்லது ஒரு இழுப்பறை. வாரத்துக்கு இரண்டு தடவை. இந்த வேகத்தில் இரண்டு படுக்கையறை வீடு முடிய இரண்டு மாதம் ஆகும். ஒரே வார இறுதியில் முடித்துவிடலாம் என்ற ஆசை வேண்டாம். மனசுக்கு ஒட்டுதல் இல்லாததில் தொடங்குங்கள், மருந்து டப்பா அதற்குச் சரி. தேதி அட்டையிலேயே இருக்கிறது, யோசிக்க ஒன்றும் இல்லை. காலாவதியான மாத்திரையைப் பிரித்து ஈரமான காபித்தூள் சக்கையுடன் கலந்து, மூடிய பையில் குப்பைக்குப் போடுங்கள். அட்டையைத் தனியாகக் கத்தரித்துவிடுங்கள்.

அடுத்தது சமையலறை. டப்பாக்கள் முழுவதையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றுக்கும் மூடி பொருத்துங்கள். ஜோடி சேராதது வெளியே. உணவுக்கடைப் பார்சல் டப்பாவில் நல்லதாக ஆறு போதும். குக்கர் நாலு பேருக்கு மூன்று லிட்டரில் ஒன்று, ஐந்து லிட்டரில் ஒன்று. கேஸ்கட் கிடைக்காத பழைய மாடலை, இன்னொரு நாள் ஆகும் என்று வைத்திருப்பது ஆபத்தும்கூட. பொருந்தாத கேஸ்கட்டில் மூடி சரியாக உட்காராது. செத்துப்போன மிக்ஸியின் ஜார் புது மிக்ஸிக்குப் பொருந்துவது அபூர்வம். பெயர் பொறித்த சீர்ப் பாத்திரங்களில்தான் எல்லோருக்கும் கை நிற்கும். யார் கொடுத்தது என்பதை நினைவில் வைக்க அவர் பெயரில் ஒன்று இருந்தால் போதும், ஐந்து குடம் வேண்டாம். பித்தளையைப் பழசாக எடைக்குப் போட்டால் புது விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே நல்ல உருளி ஒன்றிரண்டுக்கு வெள்ளீயம் பூசி அன்றாடம் புழங்குங்கள், புழங்காததை மட்டும் போடுங்கள். ஈயம் தேய்ந்த பித்தளையில் புளிக்குழம்பு வைக்காதீர்கள்.

துணிக்கு வருவோம். மூன்று நாளைக்கு ஒருமுறை துவைக்கும் வீட்டில், மழைக்காலத்தையும் சேர்த்து, ஆளுக்கு ஏழெட்டு செட் அன்றாட உடுப்பு தாராளம். பட்டுப் புடவையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மல் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் அந்தக் கோட்டிலேயே ஜரிகை விட்டுப்போகும். நாஃப்தலின் உருண்டை ஜரிகையில் பட்டால் கறுக்கும். மடிப்பில் கிழிந்த புடவையை ஜரிகைக்காக எடுத்துக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. வெள்ளி இழை உள்ள ஜரிகைக்குத்தான் விலை, அதனால் இரண்டு கடையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

காகிதத்தில் மட்டும் அவசரம் கூடாது. மூலப்பத்திரம், பட்டா, பிறப்பு இறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல், கடன் அடைத்ததற்கு வங்கி கொடுத்த கடிதம் இவை என்றைக்கும் வேண்டும். டிஜிலாக்கரில் நகல் இருந்தாலும் அசலைத் தொடாதீர்கள். வருமான வரித் தாள்களை எட்டு ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்வது என் யோசனை. கடை ரசீது வழவழப்பான வெப்பத்தாளில் அச்சாவதால் நாளாக நாளாக எழுத்து மங்கிவிடும். உத்தரவாதம் உள்ள பொருளின் ரசீதை வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். ஆதார், பான் ஜெராக்ஸைப் பழைய பேப்பரோடு அப்படியே போடாமல் எண் தெரியாதபடி கிழித்துப் போடுங்கள்.

பரண் கடைசி. ஞாபகங்கள் எல்லாம் அங்கேதான் ஏறியிருக்கும், முதலில் தொட்டால் பழைய ஆல்பத்தோடு அன்றைய பொழுது முடிந்தது. டிவி, ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளை முதலில் இறக்குங்கள். அட்டையின் நெளிவுகளில்தான் கரப்பான் குடியிருக்கும். கொலு பொம்மைகளைப் பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று வண்ணம் உரியும், காகிதக்கூழ் பொம்மை என்றால் பூஞ்சையும் பிடிக்கும். ஏணியைப் பிடிக்க ஒருவர், மூக்கில் துணி, இரண்டும் கட்டாயம். மாமியாரின் அண்டா மேலே இருந்தால் அவர் வீட்டில் இருக்கும்போது, அவரைக் கேட்டு இறக்குங்கள். ஊருக்குப் போன சமயம் பார்த்து எடைக்குப் போட்டுவிட்டால் இடம் மிச்சமாகும், நிம்மதி மிச்சமாகாது.

இவ்வளவு செய்தும் ஒரு வருடத்தில் மறுபடி அடைசல் சேர்கிறது என்றால் பெரும்பாலும் தாம்பூலப் பைதான் காரணம். ரவிக்கைத் துணி, பிளாஸ்டிக் கிண்ணம், குங்குமச் சிமிழ். வந்த அன்றே பிரித்து, நீங்கள் புழங்கப்போவதை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு மீதியை ஒரே ஒரு பையில் போட்டு வையுங்கள். அந்தப் பை நிறைந்தால் அடுத்த நவராத்திரி வரை காத்திருக்காமல், வீட்டுக்கு வருகிற முதல் சுமங்கலிக்கே வைத்துக் கொடுத்துவிடலாம்.