சாமியிடம் சண்டை போடலாமா? – கேள்வி பதில்

கோத்தகிரியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

குன்னூர் அன்பர்: என் அரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தைப் போலிப் பத்திரத்தில் எழுதிக்கொண்டவர், இந்த வருடம் ஊர்க் கோயிலுக்கு வெள்ளிக் கவசம் செய்து கொடுத்தார். முதல் மரியாதையும் அவருக்கே. நான் எந்த முகத்தோடு அங்கே கும்பிடுவது?

உங்கள் கேள்வி சங்க காலத்திலேயே கேட்டாயிற்று. புறநானூறு 194-ஆம் பாட்டில் ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. பார்த்த பக்குடுக்கை நன்கணியார், இப்படிப் படைத்தவனைப் ‘பண்பிலாளன்’ என்கிறார். வள்ளுவரும் சும்மா இல்லை. பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால், உலகத்தைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்கிறார் (குறள் 1062). நீங்கள் கோயிலுக்குப் போங்கள். கவசம்தான் அவர் கொடுத்தது, சாமி அவர் கொடுத்ததில்லை.

கூடலூர் அம்மா ஒருவர்: வெளிநாட்டு வேலை என்று மகனிடம் பணம் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள். ஆத்திரத்தில் முருகனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். பாவமா?

இல்லையம்மா. தேவாரம் பாடிய சுந்தரருக்குக் கண் போனது. உன்னைப் பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியவர் அவர்தான், தப்பு அவர் பக்கம். அப்படியும் திருவாரூரில் போய் நின்று, உம் அடியார் இப்படித் துன்பப்பட்டால் நீர் மட்டும் ‘வாழ்ந்து போதீரே’ என்று பாட்டுக்குப் பாட்டு முடிக்கிறார். நல்லா இருங்க சாமி என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வோமே, அதே தொனி. அது ஏழாம் திருமுறையில் இருக்கிறது, இன்றும் ஓதுகிறார்கள்.

என் அம்மா இலங்கையிலிருந்து 1964 இந்தியா–இலங்கை ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்து, இங்கே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இலையில் ஈரம் என்று தராசில் 2 கிலோ, 3 கிலோ கழித்துவிடுவார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், கூடையைக்கூட இறக்காமல், முருகன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். காலையில் அவரே நேராக வைத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, விளக்கேற்றுவார். ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டுப் பார்த்ததில்லை.

கேத்தி வாசகர்: 2009 நவம்பர் மண்சரிவில் உறவினரை இழந்தோம். துக்கத்துக்கு வந்தவர்கள் ‘போன ஜென்ம வினை’ என்றார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த மழையில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாள்கணக்கில் கொட்டிய மழை, நீர் ஊறிக் கனத்த மண், செங்குத்தாக வெட்டிய சரிவு, போக வழியில்லாத தண்ணீர். முதலில் பேச வேண்டியது இதை. வினை என்பது அவரவர் தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியது, எழவு வீட்டில் அடுத்தவர் தலையில் போடுவதற்கல்ல. பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்களும் ‘நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்’ என்றுதான் கடவுளுக்காக வாதாடினார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களை. முறையிட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்கிறார்.

வெலிங்டன் சகோதரி: ஆறு மாதமாக ஜெபமே வரவில்லை.

சங்கீதம் 13-ஐ எடுங்கள். ஆறே வசனம். ‘எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. அந்த முதல் வரியோடு நிறுத்திக்கொண்டாலும் ஜெபம்தான்.

மறுபடியும் குன்னூர் அன்பர்: சரி ஐயா. வழக்கு வேண்டாம், கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறார் அண்ணன்.

அண்ணனுக்கு அப்பர் கதையைச் சொல்லுங்கள். பல்லவ மன்னன் ஆள் அனுப்பியபோது, ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்று வர மறுத்தார். சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தது, யானையை ஏவியது, கல்லோடு கட்டிக் கடலில் போட்டது எல்லாம் அதற்குப் பிறகுதான். தப்பிப்போம் என்று எழுதி வாங்கிக்கொண்டு அவர் மறுக்கவில்லை. வில்லங்கச் சான்று, பழைய பட்டா, தீர்வை ரசீது மூன்றுக்கும் இரண்டு நகல் எடுங்கள். திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள். அப்புறம் ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள், பத்திர மோசடி மனுவோடு முடிகிற விஷயமில்லை. போகிற வழியில் கோயில் இருந்தால் இறங்கிக் கும்பிடுங்கள், ஆனால் பஸ்ஸை விட்டுவிடாதீர்கள்.