தாத்தாவுக்கு இரண்டு பிறந்த வருடங்கள்

வணக்கம்.

குடும்ப வரலாற்றைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ்படி அவர் பிறந்தது 1912. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 1909 என்று இருக்கிறது. இறப்புச் சான்றிதழ் அரசு கொடுத்தது, அதுதான் முதன்மைச் சான்று என்கிறான் தம்பி. முதன்மை, இரண்டாம் நிலை, மறைமுகம் என்று படிக்கிற சொற்களெல்லாம் குழப்புகின்றன. ஆட்களுக்கு எண் போடும் முறையையும், மென்பொருள் ஒருவரை ‘செகண்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்’ என்று காட்டுவதையும் விளக்க முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தம்பி சொல்வது பாதி சரி. இறப்புச் சான்றிதழ் இறப்பைப் பொறுத்தவரை முதன்மையானது, பிறப்பைப் பொறுத்தவரை அல்ல. ஒரே தாளில் இரண்டு தரத் தகவலும் இருக்கும். அதனால்தான் ஆவணம், தகவல், சான்று என்ற மூன்றையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

ஆவணத்தில் பார்க்க வேண்டியது அது அசலா, வேறொன்றிலிருந்து எடுத்து எழுதியதா என்பது. இணையத்தில் தேடினால் வரும் பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் எடுத்து எழுதியவை. 1 என்பது 7 ஆவதும், 3 என்பது 8 ஆவதும் அங்கேதான். உங்கள் கையில் இருக்கும் சான்றிதழும் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதிய நகலாக இருக்கலாம். பதிவேட்டுப் பக்கத்தின் முழுப் பிரதி கிடைக்குமா என்று கேளுங்கள். தகவல் கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தால் உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது.

தகவல் முதன்மையானதா என்பதை முடிவு செய்வது, சொன்னவர் சம்பவத்தை நேரில் அறிந்தவரா என்பது. இறந்த தேதியைச் சொன்னது தாத்தாவின் மகன் என்று வைப்போம், அவர் அருகில் இருந்தார். அப்பா பிறந்தபோது அவர் இல்லவே இல்லை, கேட்டதைத்தான் சொல்கிறார், அது இரண்டாம் நிலைத் தகவல். பள்ளியில் சேர்த்தது பெற்றோர் என்றால் அவர்கள் சொன்னது முதன்மைத் தகவல். சம்பவம் நடந்து சில வருடங்களுக்குள் எழுதியது என்பதும் அதற்குச் சாதகம். ஆனால் முதன்மைத் தகவல் என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருக்கலாம்.

இங்கேதான் மறைமுகச் சான்று உதவும். கேள்விக்கு ஆவணம் நேராக விடை சொன்னால் அது நேரடிச் சான்று. வேறெதையோ சொல்லி, அதிலிருந்து நாம் கணித்தால் மறைமுகச் சான்று. தாத்தாவின் தங்கை பிறந்தது 1911 என்று பிறப்புப் பதிவேட்டில் இருந்தால், தாத்தாவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாமலே 1912 அடிபட்டுப் போகிறது. உடன்பிறந்தவர்கள், சித்தப்பா, பெரியப்பா என்று கிளைவழி உறவினரையும் தேடச் சொல்வது இதற்காகத்தான். நேர்வழி முன்னோரை மட்டும் துரத்துபவர்கள் சீக்கிரமே முட்டுச்சுவரில் நிற்கிறார்கள்.

அப்படி ஏதாவது கிடைக்கும் வரை 1909ஐ இப்போதைய விடையாக வைத்து, 1912ஐயும் அதன் மூலத்தோடு குறித்து வையுங்கள். அழிக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே 1910 என்று சமரசமும் வேண்டாம், அப்படி எந்த ஆவணமும் சொல்லவில்லை. ‘1901இல் வயது 34’ என்பது போன்ற குறிப்பு கிடைத்தால், அந்த வருடத்துப் பிறந்தநாள் கடந்துவிட்டதா என்பது தெரியாததால் பிறந்தது 1866 அல்லது 1867. மென்பொருளில் அதைக் கணக்கிட்ட தேதி என்று குறிக்க வழி உண்டு. வெறும் 1867 என்று போட்டால், அடுத்து பார்ப்பவர் அதை ஆவணத்தில் இருந்த தேதி என்றே எடுத்துக்கொள்வார்.

எண் முறை சுலபம். நீங்கள் 1. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. 11 யார்? 5இன் அம்மா. 5 என்பவர் 2இன் அம்மா. ஆகவே 11 உங்கள் அப்பாவின் அம்மாவுடைய அம்மா. உங்களைத் தவிர இரட்டைப்படை எல்லாம் ஆண், ஒற்றைப்படை எல்லாம் பெண். சொந்தத்துக்குள் திருமணம் நடந்திருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு எண் வரும், அது பிழை அல்ல. மென்பொருளில் மட்டும் அவரை இரண்டு ஆளாக உருவாக்கிவிடாதீர்கள்.

இனி கசின் கணக்கு. பொது முன்னோர் வரை இருவரும் எத்தனை தலைமுறை ஏற வேண்டும் என்று எண்ணுங்கள். உங்களுக்கு 3, அவருக்கு 4 என்று வைப்போம். சிறிய எண்ணில் ஒன்றைக் கழித்தால் 2, அதுதான் ‘செகண்ட்’. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 1, அதுதான் ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’. அதாவது அவர் உங்களுக்கு ஒரு தலைமுறை கீழே. நாம் ஒன்றுவிட்ட அண்ணன் என்கிறோமே, அவர் உங்கள் தலைமுறைதான், வித்தியாசம் பூஜ்யம். அவரை ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’ என்று பதிந்தால் ஒரு தலைமுறை தள்ளிப் போய்விடுவார். உறவுப் பெயரைக் கையால் எழுதவே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் பெற்றோரைச் சரியாக இணைத்துவிடுங்கள், மிச்சத்தை மென்பொருளே கணக்கிடும்.